அறுபத்து நாலு எழும்பும்வரை

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தைச் சபை மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று சர்ச்சில் அறிவித்தார்கள். நர்ஸாக இருந்தவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் இருந்தவரும் கொடுத்தாயிற்று. டீச்சர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் சௌகரியம், செய்த வேலையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். எனக்கு அந்தச் சொல் இன்னும் அகப்படவில்லை. புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கிற அக்கா, நான் கிரிக்கெட் கம்பெனியில் இருந்தேன் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுத்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

நான் செய்த வேலை இதுதான். அமெரிக்காவில் கல்லூரிப் பையன்கள் ஃபுட்பால் ஆடுவார்கள். அந்த ஆட்டத்தின் வீடியோ நாகர்கோவிலுக்கு வரும். நாங்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் என்ன நடந்தது என்று கம்ப்யூட்டரில் குறித்துத் திருப்பி அனுப்புவோம். அங்குள்ள கோச்சுகள் அதை வைத்து அடுத்த வார ஆட்டத்துக்குத் தயாராவார்கள். ஃபுட்பால் என்றதும் நம் கடற்கரைப் பையன்கள் ஆடுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு. காலால் உதைப்பது எப்போதாவதுதான். பந்தும் உருண்டை கிடையாது, சின்னப் பப்பாளிக்காய் மாதிரி இருக்கும்.

அதற்கு முன்னால் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் கம்பெனியில் இருந்தேன். அது மூடிப் போனதும் அதே கட்டிடத்தின் மேல் மாடியில் இந்தக் கம்பெனி ஆள் எடுத்தது. ஏறிப் போனேன். ட்ரெயினிங் என்று சில நாள் ஒரு பெரிய புத்தகத்தைக் கையில் தந்தார்கள். எனக்கும் பக்கத்து நாற்காலி லிசிக்கும் ஒரு வரி கூடப் புரியவில்லை. லிசி குளச்சல்காரி, என்னைவிட வயதில் மிகவும் இளையவள், வாய் சும்மா இருக்காது.

எங்களுக்கு மேலே இருந்தவர் தங்கசுவாமி சார். சர்வே டிபார்ட்மெண்டில் நிலம் அளந்துகொண்டிருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு காலையில் ஆட்டத்தைச் சொல்லித் தந்தார்.

"இது ஒண்ணும் பெரிய காரியமில்ல. நெலம் அளக்கதுதான். பந்து யாருக்க கையில இருக்கோ அவனுக்கு நாலு தடவ. அதுக்குள்ள பத்து கெஜம் முன்னால போனா மேக்கொண்டு போலாம். போகல்லன்னா பந்து மத்தவனுக்கு."

"எல்லைத் தகராறு வந்தா சார்?" என்றாள் லிசி.

"அதுக்குத்தான் விசில வச்சிட்டு ஒருத்தன் நிக்கான்."

அவ்வளவுதான் என் படிப்பு. மீதி எல்லாம் பார்த்துப் பார்த்து வந்தது, அல்லது வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

வேலை செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். தரையில் இருக்கிற பந்தை ஒருவன் இரண்டு காலுக்கும் நடுவே பின்னால் தருவான். அந்த நொடியில் துண்டு தொடங்கும். விசில் ஊதியதும் முடியும். எத்தனையாவது தடவை, எந்தக் கோட்டிலிருந்து, ஓடினானா எறிந்தானா, யார் கையில் பந்து, எத்தனை கெஜம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. நிரப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். விசிலுக்குப் பிறகு அவர்கள் அடித்துக்கொண்டாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாலும் அது எங்கள் கணக்கில் வராது.

தங்கசுவாமி சார் யாரையும் திட்டியதில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னே வந்து நிற்பார். ஸ்கிரீனில் விரல் வைக்க மாட்டார், பேனா மூடியால் காட்டுவார். தப்பு கண்ணில் பட்டால் தப்பு என்று சொல்ல மாட்டார். ஒரே கேள்வி கேட்பார். "கண்டதா, நெனச்சதா?" ஆட்கள் குவியலாக விழுந்து கிடக்கும்போது பந்து யாரிடம் என்று தெரியாது. ஒரு யூகத்தில் ஒரு நம்பரைப் போட்டுவிடுவோம். சரியாக அந்த இடத்தில் வந்து நிற்பார். "கண்டதா, நெனச்சதா?" நெனச்சது என்றால் அழித்துவிட்டு, தெரியவில்லை என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். தெரியவில்லை என்று எழுத வெட்கப்பட்டால் நிலம் அளக்க முடியாது என்பார். அந்தக் கேள்வி எனக்கு வீட்டில் மீன் கழுவும்போது கூடக் கேட்கும்.

கல்லூரிகளின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. அதனால் நம் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டோம். ஒரு சின்னக் கல்லூரியின் மைதானத்துக்குப் பின்னால் காற்றாலைகள் சுற்றும், உதைத்த பந்தைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். அது ஆரல்வாய்மொழி. அதற்குப் பக்கத்து ஊரில் பணமும் கூட்டமும் உள்ள கல்லூரி ஒன்று, நீலச் சட்டை. அது மார்த்தாண்டம். இரண்டும் வருடக் கடைசியில் மோதும். ஆரல்வாய்மொழி பெரும்பாலும் தோற்கும். ஆனாலும் அன்றைக்கு அந்த மைதானத்தில் கிழவிகள் கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து கத்துவார்கள். எனக்கு ஆரல்வாய்மொழியைத்தான் பிடிக்கும், தோற்கிறவர்களைக் குறிப்பது சுலபம் என்று லிசியிடம் சொல்லிக்கொள்வேன்.

அங்கே சனிக்கிழமை சாயங்காலம் ஆடுவது நமக்கு ஞாயிறு காலை. சீசன் நேரத்தில் காலை ஆராதனைக்கு நான் போக முடியாது. சாயங்கால ஆராதனைக்குத்தான். கர்த்தருடைய நாளில் பந்து விளையாட்டுப் பார்க்கிறாள் என்று சபையில் கேலி செய்தார்கள். சம்பளத்துக்குப் பார்க்கிறேன் என்றேன். அது அதைவிட மோசம் என்றார்கள்.

இனி அறுபத்து நாலைப் பற்றி. அது ஆரல்வாய்மொழியில் ஒரு பையனுடைய சட்டை நம்பர். முன்வரிசையில் நிற்பவன். பந்தைத் தொடவே மாட்டான். எதிரே வருகிறவனைத் தள்ளி நிறுத்துவது மட்டும்தான் வேலை. முன்வரிசைக்காரர்களுக்கு எங்கள் ஸ்கிரீனில் கட்டம் கிடையாது, அந்தக் கல்லூரி அதற்குப் பணம் கட்டவில்லை. அதனால் அவன் என்ன செய்தாலும் செய்யாத மாதிரிதான்.

அவன் வந்த புதிதில் ஒரு ஆட்டத்தில் குவியலுக்கு அடியில் கிடந்தான். விசில் ஊதிவிட்டது, துண்டு முடிந்துவிட்டது. அடுத்த துண்டில் அவன் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. என்ன ஆயிற்று என்று எங்கும் எழுதியிருக்காது. அந்த வாரம் முழுவதும் எனக்கு மனசே சரியில்லை. அடுத்த ஞாயிறு முட்டில் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. துண்டை வெட்டிய பிறகும் டி.வி.யில் காட்டிய முழு வீடியோவைக் கொஞ்சம் ஓட்டி, அவன் எழும்புகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். இடது கையை ஊன்றி எழும்புவான். உள்ளங்கையை ஒரு தடவை பார்ப்பான். தொடையில் துடைத்துக்கொள்வான். அதைக் கண்டால் எனக்கு நிம்மதி. தங்கசுவாமி சாருக்கு இது தெரியும், கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு சீசன் பாக்கி இருந்தபோது எல்லாம் குழம்பியது. அங்கே சில கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருக்கும். கான்பரன்ஸ் என்பார்கள். கூட்டுக்குள்தான் பெரும்பாலும் ஆடிக்கொள்வார்கள். டி.வி.க்காரர்கள் பணம் கொடுப்பது கூட்டுக்கு, கூட்டு அதைப் பங்கு வைக்கும். வேறொரு கூட்டில் பங்கு பெரிது என்று மார்த்தாண்டம் அங்கே போய்விட்டது. அது போனதும் இன்னும் சில போயின. மிஞ்சியவர்களுக்கு டி.வி. பணம் சுருங்கிப் போனது. மேற்குக் கடற்கரைக் கல்லூரி ஒன்று கிழக்குக் கடற்கரைக் கூட்டில் சேர்ந்து, ஒரு ஆட்டத்துக்காக நாடு முழுவதும் பறந்து போய் வந்தது. ஒரு கூட்டின் பெயரில் பத்து என்று இருக்கும், உள்ளே கல்லூரிகளை எண்ணினால் அதற்கு மேல் இருக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் போன வருடத்து வரிசை ஒன்று, இந்த வருடத்து வரிசை வேறு. தங்கசுவாமி சார் மேப்பைப் பார்த்துவிட்டு, "பட்டா ஒரு எடத்துல, நெலம் வேற எடத்துல" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

பையன்களுக்கும் இப்போது பணம் கொடுக்கலாமாம். விரும்பினால் வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறலாமாம். என் தம்பிக்கு ஒரு டி.சி. வாங்க நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். இது நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முட்டு உடைய ஆடுகிறவனுக்கு ஒன்றும் கிடையாது, கோச்சுக்கு மட்டும் கோடி என்று முன்பு இருந்ததும் நியாயமில்லையே.

இதில் எனக்குப் புரிந்த ஒரே இடம் எங்கள் சேகரம். பல சபைகள் சேர்ந்து ஒரு ஆயரை வைத்துக்கொள்வதற்குச் சேகரம் என்று பெயர். எங்கள் சேகரத்தில் இருந்த பெரிய சபை ஒரு சமயம் தனியே பிரிந்தது. அவர்களிடம் வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் காணிக்கை உண்டு. நாங்கள் சின்ன சபை. ஆயர் இப்போது எங்களுக்கு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான். பிரிவதைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் என் கணவர் எழுந்து, "அவங்க எத்தன நாளுதான் நம்மளயும் சேத்துச் சொமப்பாங்க?" என்று பேசிவிட்டு வந்தார். அவர் புதுக்கடையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறவர், லாப நஷ்டம் தெரிந்தவர். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனாலும் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. தப்பில்லாத ஒன்றுக்கு ஏன் இத்தனை கோபம் வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அந்த சீசன் பாதியில் ஆரல்வாய்மொழியிலிருந்து வெஸ்லி எழுதினார். அங்கே வீடியோப் பிரிவில் இருப்பவர், எங்களோடு எழுத்தில் மட்டும் பழக்கம். வெஸ்லி என்று பெயர் இருந்ததால் ஆரம்பத்தில் நாங்கள் அவரை நம் ஊர்ப் பிள்ளை என்றே நினைத்திருந்தோம். இந்த சீசனோடு தங்கள் கல்லூரி ஃபுட்பாலை நிறுத்துகிறது, செலவு தாங்கவில்லை என்று எழுதியிருந்தார். பையன்கள் வேறு கல்லூரியில் இடம் தேட வேண்டும். அதற்கு ஆளுக்குப் பத்து நல்ல துண்டுகள் சேர்த்து ஒரு வீடியோ வேண்டும். இடம் கிடைக்கவில்லை என்றால் பலருக்குப் படிப்பும் அதோடு நின்றுவிடும். அவர்கள் படிப்பதே ஆடுவதால் கிடைக்கும் உதவித்தொகையில்தான்.

பந்தைத் தொடுகிறவர்களுக்கு நம்பரைத் தட்டினால் துண்டுகள் தானே வந்து விழும். முன்வரிசைக்காரர்களுக்குக் கட்டமே இல்லாததால் எதுவும் வராது. யாராவது கையால் தேடித் தர முடியுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தார். தங்கசுவாமி சார் அதை அறையில் வாசித்தார்.

"அறுபத்து நாலு எனக்கு சார்" என்றேன். வகுப்பில் கை தூக்குவது போலக் கையைத் தூக்கிவிட்டேன். லிசி சிரித்தாள்.

எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். பத்துத் துண்டுகளை ஒரே மத்தியானத்தில் எடுத்துவிட்டேன். சார் பின்னால் வந்து நின்று பத்தையும் பார்த்தார்.

"இது நல்லதுன்னு எப்பிடித் தெரியும்? கண்டதா, நெனச்சதா?"

"நெனச்சதுதான் சார்." அத்தனை வருடத்தில் அப்படி நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப நெனச்சதுன்னு எழுதியே குடுங்க" என்றார். அப்படியே எழுதினேன். இவை நல்லவை என்று நான் நினைக்கிறேன், எனக்கு இந்த ஆட்டம் முழுதாகத் தெரியாது என்று.

வெஸ்லியின் பதில் மறுநாள் வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். நன்றி, ஆனால் இந்தப் பத்துத் துண்டிலும் அவன் தரையில் கிடக்கிறான். முன்வரிசைக்காரன் விழக் கூடாது. கடைசிவரை காலில் நிற்கிறானா என்றுதான் கோச்சுகள் பார்ப்பார்கள். இதை அனுப்பினால் அவனை யாரும் எடுக்க மாட்டார்கள்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அத்தனை வருடமும் விழுவதுதான் அவன் வேலை என்று நினைத்திருந்தேன். மற்றவன் ஓடுவதற்காக இவன் அடியில் கிடக்கிறான், பாவம், எவ்வளவு நல்ல பையன் என்று உருகியிருந்தேன். உண்மையில் அவையெல்லாம் அவன் தோற்ற இடங்கள். அவன் தோற்றதையெல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்து நல்லது என்று சீல் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஷிப்ட் முடிந்த பிறகும் உட்கார்ந்தேன், சனிக்கிழமைகளிலும் போனேன். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. விழுந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நின்றிருக்கிறான். காலை அகட்டி, குனிந்து, எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் நகர்ந்து, விசில்வரை நின்றுகொண்டே இருக்கிறான். அவன் நின்ற துண்டுகளில் எனக்குப் பயம் இல்லை. பயம் இல்லாததால் நான் அவனைப் பார்க்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. லிசி பார்க்காத மாதிரி எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள்.

இந்தத் தடவை எனக்கே நம்பிக்கை இல்லாததால் ஒரு துண்டை போனில் எடுத்து வந்து வீட்டில் காட்டினேன். என் கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவன் ஒண்ணும் செய்யல்லியே. தள்ளிக்கிட்டு நிக்கான்."

"தள்ளிக்கிட்டு நிக்கதுதான் அவனுக்க வேல."

"அப்ப நல்லா நிக்கான்" என்று போனைத் திருப்பித் தந்தார். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேறு யாரும் தந்ததில்லை.

புதுப் பத்தும் போனது. வெஸ்லி, ஆம், இதுதான் வேண்டியது என்று மட்டும் எழுதினார். சீசன் முடிந்தது. ஆரல்வாய்மொழியின் கடைசி ஆட்டத்தை நான்தான் குறித்தேன். அது மார்த்தாண்டத்தோடு இல்லை, யாரோ ஒரு தூரத்துக் கல்லூரியோடு. கூட்டம் இல்லை, கிழவிகள் இல்லை. கட்டங்களை நிரப்பி அனுப்பினேன். அந்த மாதமே எனக்கும் ஓய்வு வயதாகிவிட்டது. ஒரு கடிகாரம் தந்தார்கள். தங்கசுவாமி சார் என்னைப் பற்றிப் பேசும்போது, புஷ்பம் கண்டதைக் கண்டது என்றும் நினைத்ததை நினைத்தது என்றும் சொல்லக் கற்றவர் என்றார். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இப்போது அந்த வேலையில் பெரும்பாகத்தைக் கம்ப்யூட்டரே செய்கிறதாம். லிசியைப் பனியில் ஆடுகிற ஹாக்கிக்கு மாற்றிவிட்டார்கள்.

அறுபத்து நாலுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் சில மாதங்கள் போயின. ஜெபத்தில் அவனையும் சேர்த்துக்கொள்வேன். பெயர் தெரியும், ஆனாலும் அறுபத்து நாலு என்றுதான் வாயில் வரும். பிறகு லிசி கூப்பிட்டாள்.

"அக்கா, ஒங்க ஆளுக்கு எடம் கிட்டியாச்சு. எங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

"சொல்லு மக்கா."

"மார்த்தாண்டம். நம்பர் இப்பம் எழுபத்தொண்ணு. காசும் உண்டாம்."

சந்தோஷப்பட வேண்டியதுதான், பட்டேன். படிப்பு நிற்காது, கையில் பணமும் இருக்கும். ஆனால் அவன் இருந்த வீட்டை உடைத்துவிட்டுப் போனதே அவர்கள்தானே. அவர்கள் போகாமல் இருந்திருந்தால் இவன் இடம் தேட வேண்டிய தேவையே வந்திருக்காது. இதில் நான் யாருக்கு நன்றி சொல்வது?

போன சீசனில் ஒரு ஞாயிறு காலை, லிசி அனுப்பிய லிங்கைத் தட்டி, போனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து வைத்து அடுக்களையில் உட்கார்ந்து பார்த்தேன். சம்பளம் இல்லாமல் பார்த்த முதல் ஆட்டம். நீலச் சட்டையில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். முன்வரிசையில் ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். எழுபத்தொன்று இல்லை. பந்து கை மாறியது, திரும்ப வந்தது, அப்போதும் இல்லை. கேமரா ஒரு தடவை ஓரமாகத் திரும்பியபோதுதான் கண்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஆரல்வாய்மொழியில் அடிபட்ட அந்த ஒரு நாளைத் தவிர வெளியே உட்காராதவன்.

ஆராதனைக்கு முதல் மணி அடித்தது. எழுந்து சேலை மாற்றிக்கொண்டு வந்து திரும்பவும் உட்கார்ந்தேன். அவன் அப்படியே இருந்தான். இரண்டாம் மணியும் அடித்தது. என் கணவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏட்டி, வாறியா? ரெண்டாம் மணி அடிச்சாச்சு."

"ஒரு நிமிசம்."

"உனக்க பய ஜெயிச்சானா?"

"ஜெயிச்ச மாதிரிதான்."

"நல்லா நின்னானா?"

"ஆடவே எறக்கல்ல."

"ஆடாம எப்பிடி ஜெயிக்க?"

"தெரியல்ல" என்றேன். எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

கடைசி விசில் ஊதியது. நீலச் சட்டைகள் எல்லாம் மைதானத்துக்குள் ஓடின. போனை எடுக்கக் கை நீட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். கேமரா கூட்டத்தைப் பிடிக்கத் திரும்பியபோது ஓரத்தில் அந்தப் பெஞ்சும் தெரிந்தது. அவன் மட்டும் இருந்தான். இடது கையைப் பெஞ்சில் ஊன்றி எழும்பினான். உள்ளங்கையைப் பார்த்தான். அதில் மண் எங்கே இருக்கப் போகிறது? ஆனாலும் தொடையில் துடைத்துக்கொண்டான்.

நினைத்தது இல்லை, கண்டதுதான். போனை அணைத்துவிட்டு வேத புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.